எங்கட பொம்பிளையள் குடிக்கிறேல்லை

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறின பிறகு எழுதினால் நன்றாக இருக்கும் என்று இரண்டு பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். ஆறும், ஆறும் என்று பார்த்துப் பார்த்து வருடங்கள் போய்விட்டன. இனியும் காத்திருந்தால் கோபம் ஆறப்போவதில்லை, எனக்கு மறதிதான் வரப்போகிறது.

எனக்கு வந்த வருத்தத்துக்கு எங்கள் ஆட்களிடையே நாலைந்து பெயர்கள் உண்டு. கால் முறிவு என்பார்கள். மயக்க ஊசி ஒத்துவரவில்லை என்பார்கள். நரம்புத் தளர்ச்சி என்று ஒரு கதையும் உலாவுகிறது. கண்ணூறு என்று சொல்லிக் கழிப்புக் கழிக்க வந்தவர்களும் உண்டு. இந்தப் பெயர்களில் பாதி என் கணவர் கொடுத்தவை, மீதியைச் சனம் தன்பாட்டில் கொடுத்துக்கொண்டது. சரியான பெயர் குடி. நான் ஒரு பெண், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், சுவிஸின் துன் நகரத்தில் ஏரிக்கரை ஹொட்டேல் ஒன்றில் அறை துப்புரவு செய்தவள், ஒரு பிள்ளைக்குத் தாய். குடித்தவள். 2009ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலிருந்து ஒரு சொட்டும் தொடாதவள்.

எப்படித் தொடங்கியது என்று எல்லோரும் கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்தினர்கள் போன பிறகு அறைகளில் அரைப் போத்தல் வைன் மிஞ்சிக் கிடக்கும். அதைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிட வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் கட்டளை. குனிந்து குனிந்து வந்த நாரி உளைவுக்கு நல்லது என்று ஒருநாள் ஒரு மிடறு குடித்துவிட்டு ஊற்றினேன். பிறகு நித்திரை வருவதற்காகக் குடித்தேன். பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை, தொட்டிக்குப் போக எதுவும் மிஞ்சவும் இல்லை. 2009 எங்கள் எல்லோருக்கும் எப்படிப் போன வருடம் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வருடத்தின் தலையில் பழியைப் போட நான் தயாரில்லை. நான் தொடங்கியது அதற்கு மூன்று வருடம் முன்னர். அந்த வருடத்தில் காலையில் எழும்பியவுடனேயே தேநீர்க் கோப்பையில் வெள்ளை வைன் ஊற்றும் நிலைக்கு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

என் கணவருக்குத் தெரியும். தெரியாது என்று அவர் இன்றைக்கும் சொல்ல முடியாது. அலுமாரியில் சேலை மடிப்புகளுக்குள் நான் ஒளித்த போத்தல்களை எடுத்து ஊற்றியவர் அவர். அதைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. வெறும் போத்தலைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் பழைய போத்தல்கள் போட வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளிப் போய்ப் போட்டுவிட்டு வருவார். விழுகிற சத்தத்தை வைத்துப் பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சனம் எண்ணிவிடுமாம்.

அந்த ஒக்டோபரில், முதலாளியின் இன்னொரு ஹொட்டேலில் ஆட்கள் போதவில்லை என்று எங்களை ஒரு வாரம் வேறொரு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே பின்பக்கப் படிக்கட்டில், அழுக்கு விரிப்புகளை அணைத்துக்கொண்டு இறங்கியபோது விழுந்தேன். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. காலையில் குடித்துவிட்டு, கராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். அம்புலன்ஸில் ஏற்றியவர்களுக்குக் கராம்பு வாசம்தான் அடித்திருக்கும். அந்த ஊரின் பெயரையும் வைத்தியசாலையின் பெயரையும் எழுதமாட்டேன். அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். என் சண்டை கட்டடத்தோடு அல்ல.

அவசரப் பிரிவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கிடந்தேன். என் கணவர் துன்னிலிருந்து ரயில் பிடித்து, ரெஸ்ரோரன்ற் குசினி உடுப்போடேயே ஓடிவந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் கேள்விகள் கேட்கும் டொக்டர் வந்தார். இளம் ஆள், மரியாதையான ஆள். முதல் இரண்டு கேள்விகளையும் என்னிடம்தான் கேட்டார். எனக்கு வேலைக்குப் போதுமான ஜெர்மன் தெரியும், பதிலும் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு என் கணவர் முந்திக்கொண்டார். கதைக்க வசதியான ஆள் கிடைத்த நிம்மதியில் டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வாமை உண்டா, சீனி வருத்தம் உண்டா, வேறு குளிசை எடுக்கிறவரா, புகை உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

"மது அருந்துவாரா?"

ஜெர்மன் மொழியில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று. என் கணவர் சிரித்தார். எங்கள் கலாசாரத்தில் பெண்கள் குடிப்பதில்லை என்று ஜெர்மனில் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, ஏதோ நல்ல காரியத்தை முடித்துவிட்டவர் மாதிரித் தமிழில் சொன்னார்.

"எங்கட பொம்பிளையள் குடிக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

டொக்டர் மிகவும் பணிவாகத் தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். முறிந்தது என் கணுக்கால், வாய் அல்ல. என்னிடம் கேட்டிருந்தால் நானும் பொய்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும் உரிமையைக்கூட எனக்கு ஒருவரும் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் எங்கள் வீடுகளில் ஆட்கள் சாகிறார்கள். நெடுங்காலம் தினமும் குடிக்கும் உடம்பில் மது நரம்புகளை அமுக்கி வைத்திருக்கும். உடம்பு அதற்கு எதிராக எந்த நேரமும் உந்திக்கொண்டே இருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த உந்தல் மட்டும் மிஞ்சும். முதலில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். டொக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் இது பெரிய விஷயமே இல்லை. நரம்பை அமைதிப்படுத்தும் குளிசையும் விற்றமின் பி1-உம் முதல் நாளிலிருந்தே கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து ஆளைக் கரையேற்றிவிடுவார்கள். தெரியாவிட்டால் ஆள் போய்விடவும் கூடும்.

அன்று பின்னேரமே காலில் சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். மறுநாள் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்துத் தாதி இன்னொரு போர்வை போட்டார். போர்வைக்குள் வியர்த்துக் கொட்டியது. என் கணவர் வீட்டிலிருந்து சொதியும் இடியப்பமும் கொண்டுவந்திருந்தார். கரண்டி என் பல்லில் தாளம் போட்டதைப் பார்த்துவிட்டு அவரே ஊட்டிவிட்டார். அன்று மத்தியானம் அதே டொக்டர் திரும்ப வந்தார். இரத்தப் பரிசோதனையில் ஈரல் சம்பந்தமான அளவு ஒன்று கூடுதலாக இருக்கிறது, மது நிச்சயமாக இல்லைத்தானே என்று கேட்டார். இந்த முறையும் என் கணவரிடம்தான் கேட்டார்.

"அது எங்கட பொரியல் சாப்பாட்டாலை," என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அதையே ஜெர்மனில் அவரிடமும் சொன்னார்.

அதையும் அந்த மனிதர் நம்பினார். எங்கள் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு வந்த பழியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது போர்வை முழுக்க எறும்பு. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். சேலைன் தொங்கும் கம்பியில் எங்கள் மேற்பார்வையாளர் ஏறி உட்கார்ந்துகொண்டு துவாய்களை எண்ணினார். எண்ணிக்கை குறைகிறது, எழும்பு என்று கத்தினார். நான் எழும்பினேன். தகடு வைத்த காலை ஊன்றி எழும்பினேன். நாலு பேர் வந்து பிடித்தார்கள். மூளையில் ஏதாவது இரத்தக் கசிவோ என்று தலையை ஸ்கான் எடுத்தார்கள். மூளைக் காய்ச்சலோ என்று முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்த ஊசி எனக்கு ஞாபகம் இருக்கிறது, வேறு எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டேன். இவ்வளவும் நடக்கும்போது, என்ன வருத்தம் என்று தெரிந்த ஒரே மனிதர் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்கான் அறையிலிருந்து கொண்டுவந்து படுக்கையில் போட்டதும் எனக்கு வலிப்பு வந்தது.

என்னைக் காப்பாற்றியது லூசியா. போர்த்துக்கல்காரி, இரண்டு வருடமாக என்னோடு சோடியாகக் கட்டில் விரித்தவள். அவள் ஒரு பக்க விரிப்பைப் பிடிப்பாள், நான் மறுபக்கம் பிடிப்பேன். விடுமுறை நாளில் தோடம்பழப் பையோடு என்னைப் பார்க்க வந்தவள், வாசலில் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டு, நேரே தாதிகள் இருக்கும் இடத்துக்குப் போனாளாம். உள்ளே கிடக்கிறவள் தினமும் இரண்டு போத்தல் குடிக்கிறவள், மூன்று நாளாக அதற்கு ஒன்றும் கொடுக்காமலா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். அதைக் கேட்டதும் எல்லோரும் ஓடினார்கள் என்று பின்னர் எனக்குச் சொன்னாள். என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஐந்து நாள் கிடந்தேன்.

கண் விழித்தபோது வயதான பெண் டொக்டர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். எவ்வளவு, எப்போதிருந்து, காலையிலுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நானே பதில் சொன்னேன். என் ஜெர்மன் அதற்குத் தாராளமாகப் போதும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது.

லூசியாவை அதற்குப் பிறகு வரவேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். "அந்தப் போர்த்துக்கல்காரி எங்கட மானத்தைக் கப்பலேத்திப்போட்டாள்," என்று தலையில் அடித்துக்கொண்டார். செத்திருந்தால் மானத்தோடு செத்திருப்பேன் போலும்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். அங்கே கிடந்த மூன்று வாரமும் வேலை முடிந்ததும் ரயில் ஏறி வந்தார். வெந்நீரில் துணி நனைத்து என் நல்ல காலைத் துடைத்துவிட்டார். எண்ணெய் வைத்துத் தலை வாரத் தெரியாமல் வாரிச் சிக்காக்கினார். பிறகு சனிக்கிழமைகளில் பத்து வயது மகள் வந்து அந்தச் சிக்கையெல்லாம் எடுத்துப் பின்னிவிட்டாள். எனக்காக அந்த மனிதர் எதையும் செய்வார். ஒரு சொல்லைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்தான் எனக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் அவர் மேல் எனக்கு இரட்டிப்புக் கோபம்.

சில மாதம் கழித்து என் வைத்தியக் குறிப்புகளின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். முதல் பக்கத்தில் இருந்தது: "மது: இல்லை (கலாசாரம்)." அடைப்புக்குறிக்குள் என் கலாசாரத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் கலாசாரம் என்னவென்று அந்த டொக்டர்ப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? பெரியபிள்ளையானவளின் சாமத்திய வீடோ பிறந்தநாளோ, எந்த மண்டபத்துக்கும் போய்ப் பாருங்கள், வாகனத் தரிப்பிடத்தில் கார் டிக்கிகள் திறந்திருக்கும். உள்ளே படம் பிடிப்பார்கள், வெளியே பிளாஸ்ரிக் கப்பில் ஊற்றுவார்கள். அது சந்தோசம். விழுந்து கிடக்கும் ஆம்பிளையை நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய் முன் சீற்றில் போட்டால் அது அலுப்பு. அதே கப்பை ஒரு பெண் பிடித்தால் அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாத வருத்தத்துக்கு எந்த டொக்டர் மருந்து எழுதுவார்?

வைத்தியசாலையிலிருந்து நேரே மது நிறுத்தும் நிலையம் ஒன்றுக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் நடை, பிறகு குழுவாக உட்கார்ந்து கதைப்பது, மத்தியானம் உருளைக்கிழங்கு. அங்கே என்னோடு கதைத்தவர்கள் எல்லோரும் சுவிஸ்காரர். அவர்கள் தங்கள் தாய்மொழியில் அழுதார்கள், நான் இலக்கணம் பார்த்து அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகு முதல் வருடம்தான் கொடுமை. குடியை விடுவது பெரிய காரியமே இல்லை, நான் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். விட்ட பிறகு வருகிற சாதாரண செவ்வாய்க்கிழமைகளைக் கழிப்பதுதான் பெரும்பாடு.

மூன்றாம் வருடம் அந்த நிலையத்தின் சமூகப் பணியாளர், என்னைக் கேட்டுக்கொண்டு, என் நம்பரை ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவளுக்குத் தெரிந்த இன்னொருத்தி இருந்தாள். நான்தான் ஒரே ஆள் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். தேவாலயம் ஒன்றின் பின் அறையைப் புதன்கிழமை பின்னேரங்களில் தரச் சம்மதித்தார்கள். ஆனால் கதவில் என்ன எழுதுவது? குடியை நிறுத்தும் பெண்கள் கூட்டம் என்று எழுதினால் ஒருத்தி வருவாளா? நான் யோசித்து எழுதினேன்: தையல் வகுப்பு.

அதை நினைத்து அந்த நேரம் எனக்குப் பெருமை வேறு. என் கணவர் இரண்டு பழைய தையல் மெஷின்களை எங்கோ வாங்கி, மூச்சு வாங்கச் சுமந்து வந்து வைத்தார். ஒரு பெண் மெஷினை ஓட்டுவாள், அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் கதைப்போம். வகுப்பு உண்மையென்று நம்பிய புருஷன்மார் தைப்பதற்குச் சட்டைத் துணி கொடுத்துவிட்டார்கள். மாமியார்மார் அளவுச் சட்டை அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் உண்மையாகவே தைக்கப் பழகினோம். நான் தைத்த முதல் சட்டையில் ஒரு கை மற்றதைவிட நீளம்.

துணை நிற்பது என்றால் பெரிய போதனை ஒன்றும் இல்லை. வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு போன் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில்தான் கால் கடைப்பக்கம் திரும்பும். கொண்டாட்டத்துக்குப் போகமுன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒருத்தி மண்டபத்துக் கழிப்பறையிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, கையில கிளாஸ் இருக்கு." "ஊத்திப்போட்டுக் கதை," என்றேன். அவள் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அரை மணித்தியாலம் என்ன கதைத்தோம் என்று கேட்டால் மீன் விலை.

எட்டாம் வருடம் வந்தபோது பதினொரு பேர் இருந்தோம். அதில் ஒருத்தி கௌரி. முப்பத்தைந்து வயது, வின்டர்தூரிலிருந்து ரயில் ஏறி வருவாள், சலவை நிலையம் ஒன்றில் வேலை, இரண்டு பிள்ளைகள். கிட்டத்தட்ட ஒரு வருடம் தொடாமல் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள்.

"அக்கா, திரும்பத் தொடங்கீட்டன். ரெண்டு மாசம். இவருக்குத் தெரியாது."

அதோடு, பித்தப்பையில் கல் என்று அந்த வாரமே சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். "அங்க கேப்பினம். ஒளிக்காமல் சொல்லிப்போடு. சொல்லாட்டி உயிருக்கு ஆபத்து," என்றேன். என் கதையை ஏற்கெனவே அவளுக்குச் சொல்லியிருந்தேன், மறுபடியும் சொன்னேன். "ஓம் அக்கா, சொல்லுறன்," என்றாள்.

சத்திரசிகிச்சை நடந்த மறுநாள், பின்னேரம், என் கணவர் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலோரத்தில் கௌரியின் கணவன் தயாளன் நின்றான். சின்ன வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்தவன், ஜெர்மன் தண்ணீர் மாதிரிக் கதைப்பான். "பார் கௌரி, தையல் ரீச்சர் வந்திருக்கிறா," என்றான். கௌரி தேநீர்க் கோப்பையைத் தூக்கினாள். கோப்பை தட்டில் அடித்தது. நெற்றி முழுக்க வியர்வை. அவள் சொல்லவில்லை என்று எனக்கு உடனே விளங்கியது.

நான் குனிந்து காதுக்குள் கேட்டேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லாதேங்கோ அக்கா. பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

எங்கள் அறையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி வெளியே சொல்லக்கூடாது. அதை மீறினால் மற்றப் பத்துப் பேரும் என்னை எப்படி நம்புவார்கள்? மீறாவிட்டால் நாளைக்கு இவளுக்கு என்ன நடக்கும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதைவிட மோசமான ஒரு நினைப்பும் வந்தது. ஒளிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். தையல் வகுப்பு என்று கதவில் எழுதியது என் கை.

அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார். இளம் பெண். நடுக்கத்தைக் கவனித்துவிட்டு, முன்பு பதிந்த விபரத்தைப் பார்த்து, மது உண்டா என்று இன்னொரு தடவை கேட்டார். கௌரி சுவரைப் பார்த்தாள். தயாளன்தான் பதில் சொன்னான். இல்லவே இல்லை, இவளுக்கு வைத்தியசாலை என்றாலே பயம், அதுதான் நடுங்குகிறாள் என்றான். பாவம், அவன் சொன்னது பொய்யும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கௌரியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னைப் பற்றிச் சொல்ல யாரைக் கேட்க வேண்டும்? நான் டொக்டரிடம் ஜெர்மனில் சொன்னேன். "நான் குடிகாரி. 2009இல் என்னிடமும் இப்படித்தான் கேட்டார்கள். இல்லை என்று பதில் போனது. மூன்றாம் நாள் எனக்கு வலிப்பு வந்தது. எனக்கும் முதலில் இப்படித்தான் கை நடுங்கியது."

டொக்டர் என்னைப் பார்த்தார். தயாளனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன அக்கா விசர்க்கதை கதைக்கிறியள்? உங்கட கதையை ஏன் இஞ்ச கொண்டுவாறியள்? எங்கட குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கப்போகினம்?" என்றவன் என் கணவரிடம் திரும்பினான். "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன்."

என் கணவர் கையில் என்னுடைய மேலங்கியை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக இப்படியான இடத்தில் அவர் கார் தரிப்புக்கு நேரம் முடிகிறது என்று சொல்லி வெளியே போய்விடுவார். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"ஓம் தம்பி, சொல்லுறன்," என்றார். "இவ குடிச்சவ. டொக்டர் கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னனான். ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் சொன்னனான். இவவுக்கு வலிப்பு வரேக்க நான் வெளியில கதிரையில இருந்து அழுதுகொண்டிருந்தனான். என்னத்தாலை எண்டு எனக்குத் தெரியும். அப்பவும் வாய் திறக்கேல்லை." பிறகு டொக்டரிடம், பதற்றத்தில் உடைந்துபோன ஜெர்மனில், "என் மனைவி. அப்போது நான் பொய்," என்றார்.

வாசிக்கிறவர்கள் நான் உருகிப்போனேன் என்று நினைக்கக்கூடும். இல்லை. அந்த வலிப்பு காய்ச்சலால் வந்தது என்றுதான் நினைத்தேன் என்று எட்டு வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். இவ்வளவு நாளும் இதை எங்கே வைத்திருந்தீர் என்று அந்த இடத்திலேயே பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

டொக்டர் ஆண்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார். நானும் எழும்பினேன், கௌரி என் கையை விடவில்லை. டொக்டர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அவளுடைய முகத்தைப் பார்த்து, அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டார். பிள்ளைகளை எடுத்துவிடுவீர்களா என்று கௌரி முதலில் கேட்டாள். உண்மையைச் சொல்லி வைத்தியம் பெறுகிற தாயிடமிருந்து பிள்ளைகளை எடுப்பதற்காக நான் இந்த வேலைக்கு வரவில்லை என்றார் டொக்டர். பிறகு கௌரி சொன்னாள். எவ்வளவு, எப்போதிருந்து, கடைசியாக எப்போது என்று எல்லாவற்றையும் அவளே சொன்னாள். பத்து நிமிடத்தில் குளிசை வந்தது. நேரத்தோடு தெரிந்தது நல்லது, இரண்டு மூன்று நாள் பக்கத்திலிருந்து கவனிப்போம் என்றார் டொக்டர்.

வெளியே வந்தோம். தயாளன் சுவரில் சாய்ந்து நின்றான். அவள் தப்பிவிடுவாள் என்று சொன்னேன். அதைக் கேட்டபின் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்.

"அப்ப வெளியில ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது, அக்கா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், அவன் கண்ணில் தண்ணீர் நின்றதால் விட்டேன். "அதை அவளிட்டைக் கேள், தம்பி. அவளுக்கு வாய் இருக்கு," என்றேன். அவன் உள்ளே போனான். என்ன கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்கள் விஷயம்.

அடுத்த புதன்கிழமை பெண்களிடம் எல்லாவற்றையும் சொல்லி, கதவில் இருந்த கடதாசியை என்ன செய்வது என்று கேட்டேன். பெரிய சண்டை நடந்தது. கடைசியில் அதைக் கழற்றிவிட்டு வேறு கடதாசி ஒட்டினோம். நாலு பேர் அதோடு வராமல் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு இப்போதும் வேலை முடிகிற நேரத்துக்குப் போன் எடுக்கிறேன், இரண்டு பேர் எடுப்பதில்லை. ஒருத்தியின் புருஷன் எடுத்து என்னைத் தூஷணத்தால் ஏசினான். ஆனால் கடதாசியில் உண்மையை எழுதி இரண்டு மாதத்தில் ஆரா நகரத்திலிருந்து ஒரு பெண், தானாகவே வாசித்துவிட்டு, வாசலில் வந்து நின்றாள். கௌரியின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார், கோப்பி குடித்தார், கேட்டார், எழுதினார், போனார். பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இதை எழுதுவதற்குக் கௌரி சம்மதித்தாள், பெயரையும் வேலையையும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். எனக்கும் ஒரு புனைபெயர் வைத்தால் நல்லது, 'ஒரு சகோதரி' என்று போடலாம் என்று யோசனை சொன்னார்கள். எழுதி முடித்ததை என் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் வாசித்தார். கண்ணாடித் தொட்டிக் கதை வந்த இடத்தில் தொண்டையைச் செருமினார். முடித்துவிட்டுக் கேட்டார்.

"பேர் போடப்போறீரோ?"

"ஓம். என்ரை சொந்தப் பேர்."

தாள்களை அடுக்கி, விளிம்பைத் தட்டி நேராக்கி, என் பக்கம் தள்ளினார்.

"இதில நெடுக 'என் கணவர், என் கணவர்' எண்டுதான் கிடக்கு. என்ரை பேரையும் போடும்."

போடுகிறேன். பொய் சொன்னவர் பெயர் யோகநாதன். குடித்தவள் பெயர் மலர்விழி.